இருபத்தைந்தாவது கல்யாண கேக்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஒலிபெருக்கியில், ஆறாயிரம் பேர் கேட்க, எதிரொலியோடு மாட்டிக்கொண்டவன் மோந்தே கிறிஸ்தியில் ரதாமேஸ் ஒருவன்தான்.

ரதாமேஸ் அந்த ஊர் பேஸ்பால் மைதானத்தின் அறிவிப்பாளன். அவன் குரல் இருக்கிறதே, வெண்கலம். "அடுத்து மட்டை பிடிக்க வருபவர்..." என்று அவன் ஒரு இழுப்பு இழுத்தால், அரைக் கல் தள்ளி உப்பளத்தில் உப்பு வாருகிறவன்கூட மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யார் வருகிறான் என்று காது கொடுப்பான். அத்தனையும் மைக்குக்கு முன்னால்தான். மைக் இல்லாத இடத்தில் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதைவிட ஆட்டுக்கடாவிடம் பால் கறந்துவிடலாம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நெரேய்தாவோடு ஒன்பது வருஷமாகப் பழகுகிறான். பூங்காவில் உட்காருவார்கள், வேர்க்கடலை தின்பார்கள், போன ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள், எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான் காதல்.

நெரேய்தா மைதானத்துப் பாட்டுக் கோஷ்டியில் குயிரா வாசிப்பவள். பல்பல்லாகக் குத்தின தகரக் குழல் அது. கம்பியால் கீறினால் கிரிச் கிரிச்சென்று ஊரே ஆடும். அவள் கீறினால் கால் ஊனமானவனும் ஆடுவான். கோஷ்டிக்கு இடம் நம் அணியின் பெஞ்சுக்கு நேர் மேலே, பாடுகிறவனுக்கென்று ஒரு மைக்கோடு. ரதாமேஸின் கூண்டோ எல்லாவற்றுக்கும் உச்சியில். அங்கேயிருந்து பார்த்தால் அவளுடைய உச்சந்தலை வகிடு தெரியும்.

அக்டோபரில் குளிர்காலப் போட்டி தொடங்கிய அன்று ஊருக்கே தலைகால் புரியவில்லை. போன வருஷம் நம் வெள்ளாட்டு அணி இறுதி ஆட்டம் வரை போய் வந்தது. இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று கழுதைக்குக்கூடத் தெரியும். மைதானத்தில் இடம் இல்லாமல் சுவரேறி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூச்சலைப் பார்த்த ரதாமேஸுக்கு ரம் குடிக்காமலே போதை ஏறிவிட்டது. மைக்கை இறுகப் பிடித்தான்.

"அல்தகிரேசியா மாதா மேல சத்தியம்! இந்த மைதானத்துல நம்ம வெள்ளாடுங்க முதல் ஆட்டம் ஜெயிச்ச மறுநாள் காலையில, பதினோரு மணிக்கு, பூங்காவுக்கு எதிர்ல இருக்குற கோயில்ல, எனக்கும் குயிரா வாசிக்கிற நெரேய்தாவுக்கும் கல்யாணம்! இது என் வேண்டுதல்! ஜெயிக்காம கல்யாணம் இல்ல! ஊரே வாங்க!"

ஊர் கூரையைப் பிய்த்தது. கீழே நெரேய்தாவின் கையிலிருந்து கம்பி நழுவிக் கீழே விழுந்தது. மேலேயிருந்து அதைப் பார்த்த ரதாமேஸ், பாவம், பூரித்துப் போய்விட்டாள் என்று நினைத்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவன் கணக்கு என்னவென்றால், இன்று மாலை ஜெயிப்போம், நாளைக்கு மோதிரம். அன்று மாலை பதினாலுக்கு இரண்டு என்று தோற்றார்கள்.

சரி, முதல் ஆட்டம், திருஷ்டி கழிந்தது என்றார்கள். அடுத்ததிலும் தோற்றார்கள். அதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. அமெரிக்காவில் விளையாடும் நம் பெரிய ஆட்டக்காரர்களை அங்கே சம்பளம் கொடுக்கிற கிளப்புகள், "எங்க பையனுக்குத் தோள் வலிக்கும், குளிர்காலத்துல ஓய்வு எடுக்கட்டும்" என்று சொல்லி விடவே இல்லை. மிச்சம் இருந்தது வண்டலும் கசடும். பந்து வந்தால் குனிந்து வழிவிடும் ஒரு தடுப்பாளன். எறிந்த பந்து எங்கே போகும் என்று தனக்கே தெரியாத ஒரு பிட்சர். அப்புறம் ஆர்க்கிமேதஸ். ஆறடி நாலங்குலம், தேக்குமரம் மாதிரி உடம்பு, குழந்தை மனசு. முப்பத்தெட்டுத் தடவை மட்டை பிடித்தான். முப்பத்தெட்டுத் தடவையும் அவுட். ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது கூட்டத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவான்.

முதலாளி மூன்று மேலாளர்களைத் துரத்தினார். நாலாவதாக வர யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் அணியின் பஸ் ஓட்டுநர் வாஸ்கரைப் பிடித்து மேலாளர் ஆக்கினார்கள். பஸ் சாவி எப்படியும் அவரிடம்தான் இருந்தது, அவர் இல்லாமல் யாரும் எங்கேயும் போக முடியாது என்பது ஒரு வசதி. வாஸ்கர் நல்ல மனுஷர். ஆட்டக்காரர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அருவதா இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் தலைமுழுகவைத்தார். தரித்திரம் போகும் என்றார். தரித்திரம் போகவில்லை, மூன்று நாள் ஒன்பது பேரும் கஷாயம் மாதிரி மணந்துகொண்டு தோற்றார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வெளியூரில் நாலு ஆட்டம் ஜெயித்தார்கள்! எல்லோரும் உள்ளூரில் புலி, வெளியூரில் எலி என்பார்கள். நம்ம ஆடுகள் நேர்மாறு. வேண்டுதலோ இந்த மைதானத்துக்குத்தான். வெளியூர் வெற்றியை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது.

கல்யாணம் மறுநாளே என்பதால் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? கேக்குக் கடை தோன் லெயோ முதல் நாள் அறிவிப்பு கேட்ட கையோடு ஒன்று போட்டார், அதற்குப் பிறகு ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் காலையிலேயே ஒரு கல்யாண கேக். உள்ளே அன்னாசி, வெளியே முட்டை வெள்ளைக்கரு நுரை, மேலே சர்க்கரையில் ஒரு மாப்பிள்ளை, ஒரு பொண்ணு. சாயங்காலம் தோற்பார்கள். மறுநாள் காலை கேக்கைத் துண்டு போட்டு விற்பார். சர்க்கரை மாப்பிள்ளையையும் பொண்ணையும் மட்டும் எடுத்து அடுத்த கேக்குக்கு வைத்துக்கொள்வார். ஆறாவது ஏழாவது தோல்வியில் ஊருக்கு அந்த ருசி பிடித்துப்போயிற்று. "நாளைக்குக் கேக் உண்டுல்ல?" என்று ஆட்டத்துக்கு முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். தோற்றால் கேக், ஜெயித்தால் கல்யாணச் சாப்பாடு. ஊருக்கு எப்படியும் வாயில் சர்க்கரை. ரதாமேஸுக்குத்தான் வாயில் மண்.

நெரேய்தாவின் அம்மா தோனா ஃபேலா கல்யாண விருந்துக்கென்று அக்டோபரில் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிக் கட்டினாள். "எப்ப வெட்டப் போறீங்க?" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் "நாளைக்கு" என்று சொல்லிச் சொல்லி, அந்த ஆட்டுக்கே நாளைக்கு என்று பேர் வந்துவிட்டது. போகிறவன் வருகிறவன் எல்லாம் அதற்கு ஒரு வாய் தழை கொடுத்தான். மேட்டுக் காட்டில் ஓரிகானோ என்கிற வாசனை இலையாக மேய்ந்து மேய்ந்து, டிசம்பரில் அது ஒரு சின்னக் கன்றுக்குட்டி சைஸுக்கு வந்து நின்றது.

இருபத்திநாலு உள்ளூர் ஆட்டம் முடிந்தது. இருபத்திநாலும் தோல்வி. பாக்கி ஒன்றே ஒன்று.

வியாழக்கிழமை சாயங்காலம் பூங்காவில், மணிக்கூண்டுக்குக் கீழே, நெரேய்தா இருபத்திநாலாவது கேக்கின் ஒரு துண்டைத் தின்றுகொண்டிருந்தாள். ரதாமேஸ் பக்கத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என் சொந்தக் கல்யாண கேக்கை இருபத்திநாலாவது தடவையா கடையில வாங்கித் திங்கிறேன்," என்றாள். "இப்படி ஒரு பொம்பளை இந்தத் தீவுல இருந்திருப்பாளா?"

"நுரை இந்தத் தடவை கொஞ்சம் தண்ணியா இருக்கு," என்றான் ரதாமேஸ்.

"நியூயார்க்ல இருக்குற அக்கா எழுதிப் போட்ட விசா பேப்பர் வந்துடுச்சு. அக்கா டிக்கெட்டும் எடுத்துட்டா. வர்ற புதன்கிழமை பிளைட்டு."

ரதாமேஸ் தொப்பியைக் கசக்குவதை நிறுத்தினான். "போயிடுவியா?"

"ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். அது முடியுற வரைக்கும் இருப்பேன். அப்புறம் இருக்க மாட்டேன். எனக்கு முப்பத்தேழு வயசாச்சு ரதாமேஸ்."

"ஜெயிச்சுடுவாங்க, நெரேய்தா. நிச்சயமா ஜெயிச்சுடுவாங்க."

"அவங்க ஜெயிக்கிறதும் தோக்குறதும் அவங்க பாடு. நீ எங்கிட்ட சொல்றதுக்கு வேற ஒண்ணுமே இல்லையா?"

ரதாமேஸ் தொப்பியைத் தலையில் வைத்தான், எடுத்தான். தொண்டை வரை என்னென்னமோ வந்தது. வந்ததெல்லாம் திரும்பிப் போயிற்று.

"பிட்சரை மாத்தச் சொல்லி வாஸ்கர் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன்," என்றான்.

நெரேய்தா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வாயோரத்து நுரையைத் துடைத்தாள். எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை ரதாமேஸ் பாதிரியாரிடம் ஓடினான். அவர் பாவமன்னிப்புக் கூண்டில் கேக் தின்றுகொண்டிருந்தார்.

"ஃபாதர், இந்த வேண்டுதலை ரத்து பண்ண முடியாதா?"

"மாதா மேல சத்தியம் பண்ணினதை நான் ரத்து பண்ண முடியாதுப்பா. மேலிடத்துல, மேற்றிராணியாருக்கு எழுதணும். மார்ச்சுல பதில் வரும்."

"மார்ச்சா! அவ புதன்கிழமை போறா ஃபாதர்!"

"உங்க சித்தப்பா கதை ஞாபகம் இருக்குல்ல?" என்றார் பாதிரியார், விரலை நக்கிக்கொண்டே.

ஞாபகம் இல்லாமல் என்ன? சித்தப்பா, தன் மூலவியாதி குணமானால் இகுவேய் மாதா கோயிலுக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டார். குணமாயிற்று. சித்தப்பா பஸ்ஸில் போனார். பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோயில் வாசலில் இறங்கி, பெருமையாக முதல் படியில் கால் வைத்தார், சறுக்கினார், இரண்டு எலும்பு. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் மாதாவிடம் யாரும் வால் ஆட்டுவதில்லை. ரதாமேஸ் தன் காலைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எதிரணி பராஓனா நண்டுகள். பட்டியலில் முதலிடம். அவர்களுக்கு இந்த ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை, ஆனாலும் தூங்கிக்கொண்டு ஆடினால்கூட நம்ம ஆடுகளைத் தோலுரித்துவிடுவார்கள். தெற்கே கோடியிலிருந்து வருவதால் வழியில் தாமதமாகுமோ என்று பயந்து விடியுமுன் கிளம்பி, நண்பகலுக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆட்டம் நாலு மணிக்கு. ஊரில் கடை எல்லாம் சாத்தியிருந்தது. முப்பது முரட்டு ஆம்பளைகள் பசியோடு மைதானத்து வாசலில் நின்றார்கள்.

தோனா ஃபேலா சனிக்கிழமையே, நடப்பது நடக்கட்டும் என்று, 'நாளைக்கு' ஆட்டைக் கண்ணீரோடு வெட்டி அண்டா அண்டாவாகச் சமைத்து வைத்திருந்தாள். மைதானத்துக்கு எதிரே இருந்த தன் வீட்டு வாசலில் வந்து நின்று பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு புனிதமான அமைதி வந்தது.

"ஐயய்யோ, பிள்ளைங்களா, வெயில்ல நிக்கிறீங்களே! உள்ள வாங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"வேணாம் அம்மா, ஆட்டம் இருக்கு," என்றார் நண்டுகளின் மேலாளர்.

"ஆட்டம் எங்க ஓடியா போகுது? பசியோட வந்தவங்களை இந்த ஊர்ல அனுப்பிப் பழக்கம் இல்ல. உக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். ஓரிகானோ தின்று வளர்ந்த ஆட்டுக்கு மசாலா எதற்கு, கறியே மணந்தது. அதோடு துவரை போட்ட சோறு, வறுத்த வாழைக்காய், மரப்பட்டையும் வேரும் தேனும் ஊறின ரம். தட்டு காலியாக விட்டால்தானே. "என்ன, பறவை மாதிரி கொத்துற? உங்கம்மா உன்னை இதுக்கா பெத்தா?" என்று சொல்லிச் சொல்லிப் போட்டாள். மூன்றாவது தட்டில் அவர்களுடைய பிட்சர் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்தான். ஐந்தாவதில் மேலாளர், "அம்மா, உங்களுக்கு இன்னொரு பொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

பின்னால் யாரோ, "இது அநியாயம் இல்லையா?" என்று கேட்டதற்கு தோனா ஃபேலா கரண்டியை ஓங்கினாள். "சோறு போட்டது ஒரு குத்தமா? போய் மாதாகிட்ட கேளு!"

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அப்படி ஒரு ஆட்டத்தை நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நண்டுகள் அசைந்து அசைந்து வந்தார்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் மாதிரி. அவர்களுடைய பிட்சர் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு ஏப்பம் விட்டான். அதில் ஒன்று கோஷ்டியின் மைக்கில்கூட விழுந்தது. இரண்டாம் பேஸுக்கு ஓடிய ஒருவன் பாதி வழியில் உட்கார்ந்து, "என்னை அவுட் பண்ணிடுங்கடா, புண்ணியமாப் போகும்," என்றான். நம்ம ஆள் அவனை அவுட் பண்ண எறிந்த பந்து எகிறி வெளியே போய்விட, உட்கார்ந்தவன் எழுந்து நடந்து போயே ஓட்டம் எடுத்தான். வயிறு முட்டத் தின்றவனிடமே தோற்கிற திறமை நம்ம ஆடுகளுக்கு மட்டும்தான் உண்டு.

ஆனாலும் அன்று ஆடுகளும் ஓட்டம் எடுத்தார்கள். மூன்றுக்கு மூன்று. ஐந்துக்கு ஆறு. எட்டுக்கு எட்டு! ஊர் நின்றுகொண்டே இருந்தது, உட்காரவில்லை. தோன் லெயோ மட்டும் இருபத்தைந்தாவது கேக்கை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நெரேய்தா வெறி பிடித்த மாதிரி குயிராவைக் கீறினாள்.

கடைசி இன்னிங்ஸ். நண்டுகள் ஒரு ஓட்டம் முன்னால், ஒன்பதுக்கு எட்டு. நம்ம முறை. இரண்டு பேர் அவுட். இரண்டாம் பேஸில் ஒருவன், மூன்றாம் பேஸில் ஒருவன். ஒரு நல்ல அடி விழுந்தால் இரண்டு பேரும் ஓடி வந்து 'வீடு' என்கிற கடைசிக் கட்டத்தைத் தொட்டுவிடலாம், இரண்டு ஓட்டம், ஆட்டம் நமது, நாளைக்குப் பதினோரு மணிக்குக் கல்யாணம். மூன்றாவது அவுட் விழுந்தால் ஆட்டம் போச்சு, புதன்கிழமை விமானம்.

அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவன் யார்? ஆர்க்கிமேதஸ்.

வாஸ்கர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். வேறு ஆளே இல்லை. இருந்த ஒரே ஒருவனும் யாருக்கும் தெரியாமல் நண்டுகளோடு பந்தியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, சுருண்டு படுத்திருந்தான். "போடா ராசா," என்றார் வாஸ்கர், "மாதா இருக்கா." அந்தக் குரலில் மாதா இருப்பதாக அவருக்கே நம்பிக்கை இல்லை.

மேலே கூண்டில் ரதாமேஸ் மைக்கைப் பிடித்தான். பேரைச் சொல்ல வேண்டும். ஆர்க்கிமேதஸ். ஆறெழுத்தோ ஏழெழுத்தோ. வாய் திறந்தது, குரல் வரவில்லை. ஆறாயிரம் பேர் கழுத்தும் மைதானத்தை நோக்கி நீண்டிருந்தது. ஒரே ஒரு முகம் மட்டும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அவன் பார்த்தது அந்த வகிட்டைத்தான். இப்போது கண் தெரிந்தது. அந்தக் கண்ணில் ஆட்டம் இல்லை, கோபம்கூட இல்லை. ஒரே ஒரு கேள்வி இருந்தது. வியாழக்கிழமை பூங்காவில் கேட்டாளே, அதே கேள்வி.

அடக் கடவுளே, நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று ரதாமேஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் காத்திருப்பது ஆடுகளுக்காக இல்லை.

மைக்கைப் போட்டான். ஓடினான். இருபது வருஷத்தில் ஆட்டத்தின் நடுவே அவன் கூண்டைவிட்டு இறங்கினதே இல்லை. படியில் மூன்று மூன்றாகத் தாவினான். கடலை விற்பவனை இடித்தான். யாரோ ஒரு அம்மாளின் கொண்டையைப் பிடித்துத் தப்பித்தான். அறிவிப்பு வராததால் நடுவர் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார்.

"என்னாச்சு? ரதாமேஸ் செத்துட்டானா?"

"இல்ல, அதோ ஓடுறான் பாரு!"

"ஓடிப் போறான்டா! மாப்பிள்ளை ஓடிப் போறான்! பிடிங்க!"

நாலு பேர் பிடிக்க வந்தார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டே கோஷ்டிக்குள் போய் விழுந்தான். மத்தளம் உருண்டது. எழுந்தபோது அவனுக்கும் நெரேய்தாவுக்கும் நடுவில் பாடுகிறவனின் மைக் நின்றது, திறந்தபடி. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"நெரேய்தா..."

ஒலிபெருக்கி எட்டுத் திசையிலும் "நெரேய்தா" என்றது. ஆறாயிரம் பேரும் கப்சிப்.

"என்ன?"

"எனக்கு... அதாவது நான்... மாதா என் காலை ஒடிக்கட்டும். ரெண்டு காலையும் ஒடிக்கட்டும். பரவாயில்ல. ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? எனக்கு நீ வேணும். நீ போயிட்டா நான் யாருக்காகடி மேல நின்னு கத்துவேன்? என்னைக் கட்டிக்கிறியா?"

நெரேய்தா வெடித்தாள்.

"இதைக் கேக்க உனக்கு ஒன்பது வருஷமாடா பாவி? ஊருக்கெல்லாம் நாள் சொன்ன. மணி சொன்ன. எந்தக் கோயில்னு சொன்ன. கடலை விக்கிறவனுக்குக்கூட அழைப்பு வச்ச. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? கட்டிக்கப்போறவ நான்தானே! கம்பியைக் கீழ போட்டுட்டு நின்னேனே, அப்பவாவது இறங்கி வந்தியா?"

"நீ சந்தோஷத்துல..."

"சந்தோஷமா! நேரா கோயிலுக்குப் போனேன். ஒரு மெழுகுவத்தி ஏத்தினேன். தாயே, இந்த மனுஷன் அந்தக் கூண்டைவிட்டு இறங்கி வந்து, என் மூஞ்சியைப் பாத்து, தன் வாயால கேக்குற வரைக்கும், இந்த மைதானத்துல வெள்ளாடுங்க ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். இருபத்திநாலு தடவை வேண்டிக்கிட்டேன். இன்னைக்குக் காலையிலயும் போய் வேண்டிக்கிட்டுதான் வந்தேன்!"

ஒலிபெருக்கி இதையும் எட்டுத் திசைக்கும் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

அப்புறம் மேல் வரிசையிலிருந்து ஒரு கிழவர் அடித்தொண்டையில் கத்தினார்: "அடிப் பாவி மகளே!"

"மூணு மேனேஜர் சோத்துல மண்ணைப் போட்டியேடி!"

"அருவதாத் தண்ணியில என் தோலே உரிஞ்சு போச்சேம்மா!" என்றான் பெஞ்சில் ஒருவன்.

தோனா ஃபேலா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "நான் ஆட்டை வெட்டி அண்டா அண்டாவா ஆக்கிப் போடுறேன், நீ கோயில்ல நின்னு எனக்கு எதிரா வேண்டுறியா!"

வாஸ்கர் தொப்பியைத் தரையில் போட்டு மிதித்தார், எடுத்து உதறினார், மறுபடியும் போட்டு மிதித்தார்.

மைதானத்தின் நடுவே, மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற ஆர்க்கிமேதஸ் மெதுவாகத் திரும்பி, பின்னால் குந்தியிருந்த நண்டுகளின் கேட்சரைப் பார்த்தான். அவன் கண் தளும்பியது.

"அப்போ... அந்த முப்பத்தெட்டும் என் தப்பு இல்லையா அண்ணே?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த கேட்சருக்கே மனசு இளகிவிட்டது. "இல்லடா தம்பி. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அந்தப் பொண்ணு வேண்டின வேலை."

ஆர்க்கிமேதஸ் மூக்கை உறிஞ்சினான். நிமிர்ந்தான். அவன் எவ்வளவு உயரம் என்று அந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

அதற்குள் கூட்டத்துக்கு இன்னொரு விஷயம் உறைத்துவிட்டது. "அவன் கேட்டுட்டான்! நீ இன்னும் பதில் சொல்லலையேடி!" ஆறாயிரம் பேரும் காலால் தட்ட ஆரம்பித்தார்கள். "பதில்! பதில்! பதில்!" நண்டுகளும் தட்டினார்கள். நடுவரும் தட்டினார்.

நெரேய்தா ரதாமேஸைப் பார்த்தாள். அவனுக்குச் சட்டைப் பொத்தான் இரண்டு போயிருந்தது, நெற்றியில் மத்தளம் இடித்த வீக்கம், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"கட்டிக்கிறேன்," என்றாள். "கட்டிக்காம எங்க போறது?"

நடுவர் கையை இறக்கினார். பிட்சர் ஒரு ஏப்பம் விட்டு எறிந்தான்.

ஆர்க்கிமேதஸ் அடித்தான்.

அந்தச் சத்தத்தை இன்றைக்கும் ஊரில் வாயால் செய்து காட்டுவார்கள். பந்து இடதுபக்கம் இரண்டு பேருக்கு நடுவே சீறிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. தடுக்க வேண்டியவர்கள் இரண்டு பேரும், நீ போ, நீ போ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் வீடு வந்தான். இரண்டாமவன் வந்தான். பத்துக்கு ஒன்பது. ஆர்க்கிமேதஸ் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தான். ஆட்டம் முடிந்துவிட்டது என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. மைதானத்தை மூன்று சுற்று சுற்றினான். கடைசிச் சுற்றில் நண்டுகளே அவனைத் தூக்கிக்கொண்டார்கள்.

கூட்டம் கோஷ்டியை நோக்கிப் பாய்ந்தது. பாதிப் பேர் நெரேய்தாவைக் கட்டிக்கொள்ள வந்தார்கள், பாதிப் பேர் அடிக்க வந்தார்கள். பக்கத்தில் வந்ததும் யார் எதற்கு வந்தோம் என்று மறந்து, எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டார்கள். தோன் லெயோ கேக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இதைத் தொட்டீங்க, கொன்னுடுவேன்! இது நெஜக் கேக்கு!" என்று அலறினார்.

வாஸ்கர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நெரேய்தாவின் முன்னால் கைகூப்பினார். "அம்மா, தாயே. நடந்தது நடந்து போச்சு. அடுத்த அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் உங்க ரெண்டு பேருக்குள்ள சண்டை சச்சரவு எதுவும் வராம பாத்துக்கணும். ஏதாவது மனத்தாங்கல்னா முதல்ல எங்கிட்ட வந்து சொல்லு. மாதாகிட்ட போகாதே."

"அது இவன் கையிலதான் இருக்கு அண்ணே."

எல்லோரும் ரதாமேஸைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லப்போகிறான் என்று நிசப்தமானார்கள். ரதாமேஸ் பழக்கதோஷத்தில் மைக்கின் பக்கம் கையை நீட்டினான். நெரேய்தா குனிந்து அதன் வயரைப் பிடுங்கிப் போட்டாள்.

"இப்ப சொல்லு," என்றாள்.

ரதாமேஸ் குனிந்து அவள் காதில் சொன்னான். நீளமாகவே சொன்னான். ஆறாயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெரேய்தா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள், கழுத்துவரை சிவந்து.